எழுதி வைக்கப்பட்ட ஆட்டம்: 1834ஆம் ஆண்டின் இலண்டன் சதுரங்கப் போட்டிகளும் அவற்றின் பதிவும்

சதுரங்க ஆட்டமொன்று முடிவுற்றதும் காய்கள் மீண்டும் தத்தம் தொடக்க இடங்களில் நிறுத்தப்படுகின்றன. அல்லது பெட்டிக்குள் இடப்படுகின்றன. பல மணிநேரம் இருவரது அறிவையும் பொறுமையையும் வாங்கிக்கொண்டு உருவான அமைப்பின் சுவடு எதுவும் பலகையில் எஞ்சுவதில்லை. கட்டடம் இடிந்தால் அத்திவாரம் கிடக்கும். ஊர் அழிந்தால் ஓட்டுத்துண்டுகளேனும் அகப்படும். ஆடி முடிந்த ஆட்டத்திற்கு அத்தகைய எச்சமும் இல்லை. ஆயினும் அதன் நகர்வுகளை வரிசைப்படி எவரேனும் எழுதி வைத்திருப்பாராயின், அவ்வாட்டம் நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் எந்த ஊரிலும் எந்த மேசையிலும் மறுபடியும் நிகழக்கூடியதாகின்றது. போர் பற்றிய குறிப்பைப் படிப்பவர் போரைக் காண்பதில்லை. அதனைப் பற்றி ஒருவர் சொன்னதையே காண்கின்றார். சதுரங்கப் பதிவைப் பலகையில் வைத்து ஆடிப்பார்ப்பவரோ, அன்று ஆடியோர் கண்ட அதே நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாமும் காண்கின்றார். வரலாற்று மூலங்களுள் இத்தகைய தன்மை வாய்ந்தவை மிகச் சிலவே.

அத்தகைய மூலம் எதனைத் தருகின்றது, எதனைத் தரத் தவறுகின்றது என்பதை ஆராய்வதற்கு 1834ஆம் ஆண்டு இலண்டனில் லா பூர்தொனே, மக்டொனல் என்னும் இருவரும் ஆடிய ஆட்டங்கள் மிகப் பொருத்தமானவை. உயர்நிலை ஆட்டக்காரர் இருவரின் நீண்ட போட்டியொன்று ஆட்டம் ஆட்டமாக எழுதப்பட்டுப் பின்னோர் கைக்கு வந்து சேர்ந்தமைக்கு இவையே முதலாவது பெரும் சான்றாகும்.

பதிவின் அருமையை உணர்த்தற்குப் பதிவின்றி அழிந்தவற்றையே முதலில் நோக்குதல் தகும். 1747ஆம் ஆண்டிலே இலண்டனில், பிரெஞ்சு இசையமைப்பாளரும் சதுரங்க வல்லுநருமான பிலிடோருக்கும், சிரியாவின் அலெப்போ நகரைச் சேர்ந்த பிலிப் ஸ்டம்மாவுக்கும் இடையே போட்டியொன்று நடைபெற்றது. பிலிடோர் எதிராளிக்குச் சலுகைகள் வழங்கி ஆடியும் எளிதில் வென்றார். போட்டியின் முடிவு நன்கு அறியப்பட்டதாயினும், அதன் ஓர் ஆட்டமேனும் இன்று கிடைத்திலது. இதில் வருந்தத்தக்க வேடிக்கையொன்று உண்டு. பலகையின் நெடுவரிசைகளை எட்டு எழுத்துக்களாலும் கிடைவரிசைகளை எட்டு எண்களாலும் குறித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப்பெயர் தரும் முறையை, 1737இற் பாரிஸில் வெளியிட்ட தம் நூல் வாயிலாக ஐரோப்பியரிடையே பரப்ப முற்பட்டவர் இந்த ஸ்டம்மாவே. அரபுச் சதுரங்கச் சுவடிகளில் ஏற்கெனவே இத்தகைய குறிமுறை வழங்கி வந்தது. இன்று உலகெங்கும் வழங்குவதும், சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனம் 1981 முதல் ஏற்றுக்கொள்ளும் ஒரே முறையாக விளங்குவதும் அவ்வழி வந்ததேயாகும். எழுதும் கருவியைத் தந்தவரின் போட்டியை எழுதி வைப்பதற்கு அருகில் எவரும் இலர்.

பிலிடோரின் முதுமைக்கால ஆட்டங்கள் சில மட்டும் தப்பின. அவற்றைத் தப்பவைத்தவர் ஜோர்ஜ் அற்வூட் என்னும் கேம்பிரிட்ஜ்க் கணித அறிஞர். கப்பியொன்றின் இருபுறமும் நிறைகளைத் தொங்கவிட்டு ஆர்முடுகலை அளக்கும் 'அற்வூட் பொறி' மூலம் பௌதிகவியல் மாணவர் இவர் பெயரை அறிவர். சதுரங்கத்தில் ஈடுபாடு கொண்ட இவர், தாம் கண்ட ஆட்டங்களையும் தாம் பிலிடோருடன் ஆடியவற்றையும் கையேட்டில் எழுதி வைத்தார். பிலிடோர் 1795இலும் அற்வூட் 1807இலும் மறைந்தனர். கையேட்டிலிருந்த ஆட்டங்களை ஜோர்ஜ் வோக்கர் என்பவர் 1835இல் அச்சேற்றினார். இதற்கு மாறாக, பிலிடோருக்குப் பின் பிரான்சில் ஒப்பாரின்றி விளங்கிய டெஷப்பலின் ஆட்டங்கள் மிகச் சிலவே கிடைக்கின்றன. எதிராளிக்குக் காய் விட்டுக்கொடுத்தே ஆடும் வழக்கமுடைய அவரைப் பற்றிக் கதைகள் ஏராளம். கதைகளைப் பலகையில் வைத்து ஆடிப்பார்க்க இயலாது. ஆகவே அவரது ஆற்றலை இன்று மதிப்பிடுவதற்கு வழியில்லை. நம்புவதா, விடுவதா என்பதே எஞ்சி நிற்கின்றது.

டெஷப்பலின் மாணாக்கரே லூயி சார்ல்ஸ் மாஹே டி லா பூர்தொனே. 1746இற் சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய பிரெஞ்சுக் கடற்படைத் தலைவரின் பேரன் இவர் என்று சதுரங்க நூல்கள் குறிப்பிடுகின்றன. அப்பாட்டனாரைத் தமிழ் மாணவர் ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு வாயிலாக அறிவர். பாட்டனாரின் செயல்கள் பிள்ளையவர்கள் எழுதிவைத்தமையாலும், பேரனின் ஆட்டங்கள் வேறொருவர் எழுதிவைத்தமையாலும் இன்று ஆராயப்படுகின்றன என்பது எண்ணத்தக்கது.

அவரை எதிர்த்து ஆடிய அலெக்சாந்தர் மக்டொனல் 1798இற் பெல்பாஸ்ற்றிற் பிறந்தவர். தென்னமெரிக்காவின் டெமராராவில் வணிகம் செய்து, பின் இலண்டனில் மேற்கிந்திய வணிகர் குழுவின் செயலாளராகப் பணியாற்றியவர். அடிமை முறை பற்றி 1824இல் நூலொன்று எழுதித் தோட்ட உடைமையாளர் பக்கத்தை அவர் ஆதரித்தார். இச்செய்தி சதுரங்க நூல்களிற் பெரும்பாலும் ஒரு வரியோடு கடக்கப்படுகின்றது. ஆனால் ஆண்டை நோக்குக. பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1834 ஓகஸ்ட் முதலாம் நாள். அக்கோடை முழுவதும், எந்த உடைமையாளர் நலன் காப்பது மக்டொனலின் தொழிலோ அவ்வுடைமை சட்டத்தின் முன் கரைந்துகொண்டிருந்தபோது, அவர் வெஸ்ற்மினிஸ்ரர் சதுரங்கக் கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தார். அதே ஆண்டில் மொரிசியசிலும், 1838இல் டெமராராவிலும் இந்தியக் கூலித் தொழிலாளர் ஒப்பந்தத்தின் பேரில் இறக்கப்படலாயினர். ஆட்டப் பதிவிலே இவற்றின் நிழல்தானும் விழவில்லை. பதிவின் தூய்மை என்று போற்றப்படுவது ஒருவகையிற் பதிவின் குருடும் ஆகும்.

1834ஆம் ஆண்டு யூன் மாதம் முதல் ஒக்ரோபர் வரை ஆறு போட்டிகள் நிகழ்ந்தன. மொத்த ஆட்டங்கள் 85. லா பூர்தொனே 45இலும் மக்டொனல் 27இலும் வென்றனர். 13 ஆட்டங்கள் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. முதலாவது போட்டியை லா பூர்தொனே 16க்கு 5 என்ற கணக்கில் வென்றார். இரண்டாவதை 5க்கு 4 என மக்டொனல் பெற்றார். அடுத்த மூன்றும் மீண்டும் பிரெஞ்சுக்காரருக்கே உரியவாயின. ஆறாவது போட்டி நடந்துகொண்டிருந்தபோது அவர் பாரிஸ் திரும்பினார். ஒருவர் மொழியை மற்றவர் அறியார் என்றும், இருவரும் தம்முட் பேசிய ஒரே சொல் அரசனுக்கு முற்றுகை கூறும் சொல்லே என்றும் கதையொன்று வழங்குகின்றது. உண்மையோ புனைவோ, அது பொருத்தமான கதை.

இவ்வாட்டங்களை எழுதியவர் வில்லியம் கிறீன்வூட் வோக்கர். அற்வூட்டின் கையேட்டை அச்சேற்றிய ஜோர்ஜ் வோக்கர் வேறு, இவர் வேறு. சிறந்த ஆட்டக்காரர் என்ற பெயர் இவருக்கு இல்லை. பலகையருகே அமர்ந்து நகர்வு நகர்வாக எழுதியமையே இவர் ஆற்றிய தொண்டு. 1835 செப்ரெம்பரில் மக்டொனல் சிறுநீரக நோயால் தம் 37ஆம் வயதில் இறந்தார். அடுத்த ஆண்டே வோக்கர் அவ்வாட்டங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். மக்டொனலை ஆங்கில ஆட்டக்காரருள் தலைசிறந்தவர் என்று அந்நூலின் தலைப்பே கூறுகின்றது. தோற்றவர் பக்கத்தைச் சேர்ந்தவராலேயே வென்றவரின் புகழும் காக்கப்பட்டது. வென்றோரே வரலாற்றை எழுதுவர் என்ற பொதுக் கூற்று இங்குப் பொருந்தவில்லை.

ஸ்டம்மாவின் முறை இங்கிலாந்தில் அப்போது வேரூன்றவில்லை. ஆட்டங்கள் சொற்களாலேயே எழுதப்பட்டன: அரசனின் காலாள் இரண்டு கட்டம், அரசியின் குதிரை மந்திரியின் மூன்றாவது கட்டத்துக்கு என்றவாறு. நீளமாயினும் இம்முறையில் ஒரு நயம் உண்டு. படிக்கும்போதே காயின் பெயரும் அதன் பக்கமும் செவியில் விழுகின்றன. கீழே ஓர் ஆட்டம் அம்முறையை ஒட்டியே விளக்கப்படுகின்றது. மூலையில் நிற்பது கோட்டை, அடுத்தது குதிரை, அதனையடுத்துக் குறுக்காகச் செல்வது மந்திரி என்று கொள்க.

எடுத்துக்கொள்ளும் ஆட்டம் தொடர்வரிசையில் 62ஆவது; நான்காவது போட்டியின் 16ஆவது. வெள்ளை மக்டொனலுக்கு, கறுப்பு லா பூர்தொனேக்கு. வெள்ளை தன் அரசனின் காலாளை இரண்டு கட்டம் முன்னேற்ற, கறுப்பு அரசி பக்க மந்திரியின் காலாளை இரண்டு கட்டம் நகர்த்தி விடையிறுத்தது. இது இன்று சிசிலியன் தற்காப்பு எனப்படும். நான்காவது நகர்வில் கறுப்பு தன் அரசனின் காலாளையும் இரண்டு கட்டம் செலுத்தி, நடுவில் நின்ற வெள்ளைக் குதிரையைத் தாக்கியது. ஐந்தாவது நகர்வில் மக்டொனல் அக்குதிரையாற் கறுப்பின் குதிரையை வெட்டினார். பக்கத்துக் காலாள் அதனைத் திரும்ப வெட்டி நடுவுக்கு ஒரு கட்டம் நெருங்கியது. இதுவே ஆட்டத்தின் விதை. குதிரையை வெட்டாது கறுப்பின் அரசி பக்கம் ஐந்தாம் வரிசைக்கு முன்னேற்றுதலே நன்று என்பது பின்வந்தோர் கண்ட முடிவு. ஆனால் பின்வந்தோர் அதனைக் கண்டமைக்கு இத்தகைய ஆட்டங்கள் எழுதப்பட்டிருந்தமையே காரணம் என்பதை மறத்தலாகாது.

பன்னிரண்டு நகர்வுகள் ஆனபோது இருவரிடமும் அவ்வாறு காலாட்கள் இருந்தன. ஆனால் நின்ற இடங்கள் வேறு. அரசி பக்கத்தில் வெள்ளைக்கு மூன்று, கறுப்புக்கு ஒன்று. நடுவிலும் அரசன் பக்கத்திலுமாகக் கறுப்புக்கு ஐந்து, வெள்ளைக்கு மூன்று. இருவரும் தத்தம் பலத்தை நோக்கியே விரைந்தனர். வெள்ளையின் மந்திரிக் காலாள் முன்னேறிச் சென்றது; அதன் குதிரை பலகையின் நடுவில் வந்து நின்று கறுப்பின் நடுக் காலாட்களை மறித்தது. இருபதாவது நகர்விலே கறுப்பு மற்றொரு காலாளால் அக்குதிரையைத் தாக்கியது. வெள்ளையரசி முற்றுகை கூற, கறுப்பரசன் மூலைக்கு ஒதுங்கினான். இருபத்திரண்டாவது நகர்வில் வெள்ளை மந்திரி பக்கவாட்டில் வந்து, கறுப்பின் அரசியையும் அதற்குப் பின்னே நின்ற கோட்டையையும் ஒரே கோட்டில் தாக்கிற்று.

இவ்விடத்திற் பதிவை ஒரு தாளால் மறைத்துவிட்டுக் கறுப்பின் அடுத்த நகர்வை ஊகித்தல் நன்று. சதுரங்கம் பயில்வோர் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் பயிற்சி அது. முதலில் தோன்றுவது கோட்டையைக் காக்கும் எண்ணமே. லா பூர்தொனே காக்கவில்லை. அரசியை எதிர்ப்பக்கத்து ஓரத்துக்குக் கொண்டுசென்று கோட்டையைக் கைவிட்டார். வெள்ளை மந்திரி அக்கோட்டையை வெட்டியது. கறுப்புக் காலாள் நடுவில் நின்ற குதிரையை வெட்டியது. மறித்து நின்றது போயிற்று. வெள்ளைக் காலாள் கறுப்பு மந்திரியைத் தாக்கியது. அதனையும் பொருட்படுத்தாது கறுப்புக் காலாள் மேலும் வெட்டி முன்னேறியது. இருபத்தேழாவது நகர்வில் அது வெள்ளையின் இரண்டாம் வரிசையை அடைந்தது.

வெள்ளையும் வாளாவிருக்கவில்லை. அதன் காலாளொன்று முப்பதாவது நகர்வில் ஏழாம் வரிசையை எட்டி, இன்னும் ஒரு கட்டத்தில் அரசியாகும் நிலையிற் காத்து நின்றது. அதன் எதிரே கறுப்பின் எஞ்சிய மந்திரி வந்து தடையாக நின்றது. பின் கறுப்பின் நடுக் காலாட்கள் இரண்டும் மாறி மாறி இறங்கின. முப்பத்தாறாவது நகர்விலே கறுப்பு தன் அரசியையே ஒரு கோட்டைக்கு விலையாகக் கொடுத்தது. முப்பத்தேழாவது நகர்வில் மூன்றாவது காலாளும் இரண்டாம் வரிசைக்கு வந்தது. வெள்ளையிடம் அரசி உண்டு, கோட்டை உண்டு. கறுப்பிடம் அரசி இல்லை. ஆயினும் ஒன்றையொன்று அணைந்து நிற்கும் மூன்று காலாட்களின் முன் மக்டொனல் தோல்வியை ஒப்புக்கொண்டார். பலகையில் இந்நிலையை அமைத்துப் பார்ப்பவர் எவரும், காலாட்களின் ஆற்றலைத் தம் நூலின் அடிப்படையாக வைத்த பிலிடோரை நினையாதிருத்தல் அரிது. அவர் கருத்தாக எழுதியதற்கு, அவர் மறைந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளின் பின் இஃது ஓர் எடுத்துக்காட்டாயிற்று.

நியாயம் கருதி ஒன்று கூறல் வேண்டும். அதே நான்காவது போட்டியின் நான்காவது ஆட்டம், அதாவது தொடர்வரிசையில் 50ஆவது, மக்டொனல் தம் அரசியைக் கொடுத்து இரு சிறு காய்களை மட்டுமே பெற்று வென்றதாகும். மொத்தக் கணக்கை மட்டும் அறிந்தவர் அவரைத் தோற்றவராகவே அறிவர்; ஆட்டங்களை ஆடிப்பார்ப்பவர் அவ்வாறு நிறைவடையார்.

இனி, பதிவின் நம்பகத்தன்மை குறித்து நோக்கலாம். ஏட்டுச்சுவடிகளைப் பரிசோதித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோருக்கு யாப்பு துணைநின்றது. ஏடெழுதுவோன் ஒரு சீரை விட்டால் தளை தட்டும். அவ்விடத்திற் பிழையுண்டு என்பது புலனாகும். சதுரங்கப் பதிவுக்கும் அத்தகைய காவல் ஒன்றுண்டு. ஒரு கட்டத்தைத் தவறாக எழுதினால் சில நகர்வுகளுக்குள் இல்லாத காயொன்று நகர வேண்டிவரும், அல்லது இருக்கும் காய் செல்ல இயலாத இடத்துக்குச் செல்ல வேண்டிவரும். ஆடிப்பார்ப்பவர் அங்கே தடைப்பட்டு நிற்பார். எனவே மறுபடி ஆடுதல் என்பது சுவைத்தல் மாத்திரமன்று, மூலத்தைச் சோதித்தலுமாகும்.

ஆயின் யாப்பு பிழையாத பாடபேதங்கள் உள்ளவாறே, விதி பிழையாத பிழைகளும் உள. 1851இல் இலண்டனில் அண்டர்சன் கீசெரிற்ஸ்கியை வென்றதும், பின்னர் 'இறவா ஆட்டம்' எனப் பெயர் பெற்றதுமான புகழ்மிக்க ஆட்டத்தின் இறுதிப்பகுதி நூலுக்கு நூல் வேறுபடுகின்றது. கறுப்பின் இரு வெட்டுக்களில் எது முந்தியது, எது பிந்தியது என்பதிலே வேறுபாடு. இரு வரிசையும் விதிக்கு அமைந்தவை. இரண்டும் ஒரே நிலையிற் சென்று சேர்வன. பலகை இங்கு மௌனம் சாதிக்கின்றது. எந்தப் பாடம் மூலபாடம் என்பதைத் தீர்மானிக்க வரலாற்றாசிரியன் பலகையை விட்டுப் பழைய இதழ்களிடமே செல்லல் வேண்டும்.

வேறு மௌனங்களும் உள. முதலில் ஆடுபவருக்கே வெள்ளை என்ற விதி 1834இல் உறுதிப்பட்டிருக்கவில்லை. அச்சில் வெள்ளை என்றிருப்பது முதலில் ஆடியவர் என்பதையே காட்டும். இதனினும் பெரிய இழப்புக் காலம். மக்டொனல் சில வேளைகளில் ஒரு நகர்வுக்கு ஒன்றரை மணிநேரம் வரை எடுத்துக்கொண்டார் என்று ஜோர்ஜ் வோக்கர் எழுதியுள்ளார். லா பூர்தொனே விரைந்து ஆடுபவர். வெல்லும்போது கலகலப்பானவர், தோற்கும்போது வசைமொழியில் வல்லவர். பகலில் மக்டொனலுடன் ஆடி முடித்தபின் நள்ளிரவு கடந்தும் வந்தவர் எவருடனும் பணயம் வைத்து ஆடினார். மக்டொனலோ இரவில் உறக்கமின்றித் தம் அறையில் உலாவினார் என்பதும் அதே ஆசிரியர் தரும் செய்தி. பதிவில் ஒன்றரை மணிநேரத்து நகர்வும் ஒரு நொடி நகர்வும் ஒரே வரியாக, ஒரே நீளத்தில் நிற்கின்றன. 1861இல் அண்டர்சனுக்கும் கோலிஷுக்கும் இடையே நிகழ்ந்த போட்டியில் மணல்வட்டில்கள் வைக்கப்பட்டன. 1883 இலண்டன் சுற்றுப்போட்டியில் இரட்டை மணிக்கூடுகள் வந்தன. அதன் பின்னரே காலத்தைக் கணக்கிடும் வாய்ப்பு ஏற்பட்டது. 62ஆவது ஆட்டத்திற் கோட்டையைக் கைவிட்ட நகர்வை லா பூர்தொனே நெடிது எண்ணிச் செய்தாரா, கண்டவுடன் செய்தாரா என்பதை எப்பதிவும் கூறாது. இன்றைய கணினி, அந்நகர்வின் தகுதியைச் சில நொடிகளில் அளந்து கூறும். அதற்கும் இவ்வினாவுக்கும் தொடர்பில்லை.

ஆட்டங்களின் பிற்கால வாழ்வு நீண்டது. லா பூர்தொனே 1836இற் பாரிஸில் தொடங்கிய 'லெ பலமேட்' உலகின் முதலாவது சதுரங்க இதழாகும். ஜோர்ஜ் வோக்கர் 1844இல் ஆயிரம் ஆட்டங்களைத் தொகுத்து வெளியிட்டார். ஆடிப்பார்த்துக் கற்றல் என்பது அதன்பின் வழமையான கல்வி முறையாயிற்று. அமெரிக்கரான போல் மோர்பி, ஐரோப்பிய வல்லுநர் பலரை வென்று நாடு திரும்பியபின், 1859இல் நியூயோர்க் வார இதழொன்றில் சதுரங்கப் பகுதி எழுதத் தொடங்கியபோது விளக்கவுரைக்கு எடுத்துக்கொண்டவை தம் ஆட்டங்கள் அல்ல. இந்த 1834ஆம் ஆண்டு ஆட்டங்களே.

லா பூர்தொனே நோயும் வறுமையும் சூழ 1840இல் மீண்டும் இலண்டனுக்கு வந்து, அவ்வாண்டு டிசெம்பரில் இறந்தார். மக்டொனல் அடக்கம் செய்யப்பட்ட கென்சல் கிறீன் இடுகாட்டிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார். ஆறாவது போட்டி, மக்டொனல் ஐந்து, லா பூர்தொனே நான்கு என்ற கணக்கில், வோக்கர் எழுதி நிறுத்திய இடத்திலேயே நிற்கின்றது.